அரைச் சுற்று சுற்றி நின்றுபோகும் பிசி: ஒரே மெஷினில் இரண்டு கோளாறு

பவர் பட்டனை அழுத்தினால் பிராசஸர் மேலிருக்கும் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. திரும்ப அழுத்தினால் அதுகூட இல்லை. பிளக் சுவிட்சை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி போட்டு அழுத்தினால் மீண்டும் அதே அரைச் சுற்று. மானிட்டர் கடைசிவரை கருப்புதான்.

அக்கா மகன் முதன்முதலாகத் தானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் இந்த நிலையில்தான் என்னிடம் வந்தது. அதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிப் போயிருக்கிறான், அங்கே மூடியைக்கூட முழுசாகக் கழற்றாமல் "போர்டு போயிருச்சு தம்பி, மாத்திரலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். போர்டு, அதாவது எல்லாப் பாகமும் உட்காரும் மதர்போர்டு, போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். அளந்து பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு இதில் இருக்கும் ஒரே பிடிவாதம்.

மெஷினில் இருந்தவை: ரைசன் 5 5600, பழைய ஸ்டாக்கில் விலை குறைவாகக் கிடைத்த ஒரு பி450 போர்டு (முழு ஏடிஎக்ஸ் என்ற பெரிய அளவு), 8+8 ஜிபி டிடிஆர்4 3200 ரேம், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி என்விஎம்இ டிஸ்க், புதிதாக வாங்கிய 550 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் பவர் கொடுக்கும் பெட்டி). கேபினெட் மட்டும் தெரிந்தவர் ஆபீஸில் சும்மா கிடந்தது. கல்லூரிப் பையனின் பட்ஜெட்டுக்கு இது நல்ல தேர்வு, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 5600 பிராசஸர் 65 வாட், கார்டு 125 வாட், மற்றதையெல்லாம் சேர்த்தாலும் 550 வாட்டில் பாதியைக் கொஞ்சம் தொட்டால் அதிகம். ஆகவே பவர் போதவில்லை என்ற கணக்கு இங்கே எடுபடாது.

எதையும் கழற்றுவதற்கு முன் அந்த அரைச் சுற்றைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அது நிறையச் சொல்கிறது. ஸ்டார்ட் ஆகாத கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் பிளக், எஸ்எம்பிஎஸ் பின்னால் இருக்கும் சுவிட்ச், பவர் பட்டன் வயர் என்று ஆரம்பிக்கலாம். ஃபேன் எல்லாம் ஓடுகிறது, படம் மட்டும் வரவில்லை என்றால் ரேம், கார்டு, பயாஸ் (போர்டை எழுப்பிவிடும் அதன் சொந்த மென்பொருள்) பக்கம் போக வேண்டும். சில நொடி ஓடித் தானாக அணைந்து தானாகவே மறுபடி ஆன் ஆகிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் ரேமைப் பழக்கப்படுத்த முயன்று போர்டு தோற்கிறது என்று அர்த்தம். இங்கே நடப்பது இந்த மூன்றும் இல்லை. ஒரு துடிப்பு, அப்புறம் அமைதி, மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் அடுத்த துடிப்பு. எஸ்எம்பிஎஸ் எங்கோ ஷார்ட் இருப்பதைப் பார்த்துத் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும்போது இப்படித்தான் நடக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு உண்டு, அது ஒருமுறை வேலை செய்துவிட்டால் மெயின் சப்ளை போய் வரும்வரை திறக்காது. எனவே கேள்வி, ஷார்ட் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளேயா வெளியேயா?

அதைப் பார்ப்பது சுலபம். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போகும் எல்லாக் கேபிளையும் போர்டிலிருந்தும் கார்டிலிருந்தும் உருவிவிட்டு, 24 பின் கனெக்டரில் 16ஆம் பின்னையும் பக்கத்திலிருக்கும் 17ஆம் பின்னையும் ஒரு சின்ன வயர் துண்டால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் தனியாக ஓட வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்களில் 16 பச்சை வயர், 17 கருப்பு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இப்போது வரும் பலவற்றில் எல்லா வயரும் கருப்புதான், அதனால் பின்னை எண்ணித்தான் பிடிக்க வேண்டும், எண்ணிக்கை தவறினால் விபரீதம், வயரைச் செருகும்போது பிளக் கட்டாயம் கழற்றியிருக்க வேண்டும். இன்னொன்று, சில எஸ்எம்பிஎஸ்களின் ஃபேன் சூடானால்தான் சுற்றும், அதனால் ஃபேன் ஓடவில்லை என்பதை வைத்து எஸ்எம்பிஎஸ் செத்துவிட்டது என்று முடிவுகட்டக்கூடாது. மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் லைனில் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட்டில் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட்டில் 3.14 முதல் 3.47 வரை இருந்தால் ஏடிஎக்ஸ் தரக் கணக்குப்படி சரி. இதில் மூன்றும் சரியாக இருந்தன, 12 வோல்ட் லைன் 12.1 காட்டியது, எஸ்எம்பிஎஸ் அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தது. லோடு இல்லாமல் ஓடுவது முழு நற்சான்று ஆகிவிடாது என்றாலும், துடித்து அணைகிற பழக்கம் அதனுடையது இல்லை என்பது தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. அக்கா சொன்னாள், "அந்தப் பெட்டியத் தொட்டா சுர்ருங்குது, நான் அப்பவே சொன்னேன் அதுல ஷார்ட்டுன்னு." டெஸ்டரை கேபினெட்டில் வைத்துப் பார்த்தேன், எரிந்தது. கடைக்காரரும் இதைக் கேட்டுத்தான் போர்டு ஷார்ட் என்ற முடிவுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் இதற்கும் நாம் தேடுகிற ஷார்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்டுவதற்காக லைனிலிருந்து பாடிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று என்று இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். வீட்டு சாக்கெட்டில் எர்த் சரியாக இருந்தால் அவை வழியே கசியும் சொற்ப மின்சாரம் எர்த்தில் இறங்கிவிடும். எர்த் இல்லாவிட்டால் அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பாடி, 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் மிதக்கும். டெஸ்டர் எரியும், ஈரக் கையோடு தொட்டால் சுர்ரென்கும். கம்ப்யூட்டர் நல்லா இருந்தாலும் இது நடக்கும், ஓடாவிட்டாலும் நடக்கும். அக்கா வீட்டு ஹாலில் அந்தப் பிளக் பாயிண்ட்டைக் கழற்றிப் பார்த்தால் மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் வயரே இல்லை, வெறும் ஸ்குரூ மட்டும் இருக்கிறது. நம் ஊரில் இப்படி எத்தனை வீடோ. அதைத் தனியாகச் சரி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, எர்த் இருக்கிற இன்னொரு அறைக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு போனோம்.

சரி, ஷார்ட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வெளியே. வழக்கமாகச் சந்தேகப்பட வேண்டியவற்றை வேகமாகப் பார்த்து முடித்தேன். பிராசஸருக்கான 4+4 பின் கேபிள் அதன் இடத்தில்தான் இருக்கிறது, கார்டுக்கான 6+2 கேபிளை அங்கே திணிக்கவில்லை. 24 பின் கனெக்டர் கிளிக் ஆகும்வரை உள்ளே போயிருக்கிறது. போர்டின் பின்பக்கத் தகடு யுஎஸ்பி ஓட்டைகளுக்குள் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. பவர் பட்டன் வயரைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு பின்னையும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டாலும் அதே துடிப்புதான், ஆக கேபினெட் பட்டன் சிக்கிக்கொண்டு நாலு நொடி அழுத்தியது போல் ஆகி அணைக்கிறதோ என்ற சந்தேகமும் போனது. முன்பக்க யுஎஸ்பி, ஆடியோ வயர்களை உருவிப் பார்த்தேன், மாற்றமில்லை. கார்டைக் கழற்றினேன், செகண்ட் ஹேண்ட் என்பதால் என் சந்தேகப் பட்டியலில் அதுதான் முதலில் இருந்தது, மாற்றமில்லை.

இனி பவர் கொடுத்துக் கொடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை இரண்டொரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துக்கொண்டேன். போர்டில் இருக்கும் 24 பின் சாக்கெட்டில் 10, 11 இரண்டும் 12 வோல்ட். அதற்கும் கிரவுண்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ ஓம் இருக்க வேண்டும், ஆரம்பத்தில் கெப்பாசிட்டர் நிரம்பும்போது குறைவாகக் காட்டிப் பிறகு ஏறும். இங்கே ஏறவே இல்லை. 0.3 ஓம், அதாவது மீட்டர் வயரின் ஓம்தான் அது. மீட்டர் நிற்காமல் பீப் அடித்தது. அடுத்து பிராசஸருக்கான 8 பின் சாக்கெட்டில் அளந்தேன், அங்கே ஆயிரக்கணக்கில் ஓம், எந்தக் குறையும் இல்லை.

இந்த இரண்டு அளவுகளும் சேர்ந்து பாதி வேலையை முடித்துவிட்டன. பிராசஸருக்கு மின்சாரம் தயாரிக்கும் மாஸ்ஃபெட்கள் 8 பின் சாக்கெட்டிலிருந்துதான் 12 வோல்ட்டை எடுக்கின்றன, 24 பின்னில் வரும் 12 வோல்ட் பெரும்பாலும் ஸ்லாட்டுகளுக்கும் ஃபேன் ஹெடர்களுக்கும் போகிறது. ஆகவே பிராசஸரும் அதன் பவர் பகுதியும் தப்பித்துவிட்டன, கோளாறு ஸ்லாட்டுகள் இருக்கும் கீழ்ப்பக்கத்தில். (மீட்டரை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: பிராசஸர் மாட்டியிருக்கும்போது அதற்குப் போகும் ஒரு வோல்ட் சுமார் லைனில் இருக்கும் காயில்களில் அளந்தால் ஓரிரண்டு ஓம்கூட வராது, மீட்டர் பீப் அடிக்கும், அது இயல்பு. அதைப் பார்த்துப் பதறிப் பிராசஸர் எரிந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். 12 வோல்ட்டில் பீப் அடித்தால்தான் விஷயம்.)

மீட்டரின் ஒரு முனையை 12 வோல்ட் பின்னிலும் இன்னொன்றைக் கிரவுண்டிலும் மாப்பிள்ளையை (அக்கா மகனைத்தான்) பிடிக்கச் சொல்லிவிட்டு, போர்டின் ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தேன். மேல்வரிசை முழுக்கக் கழற்றியும் பீப் நிற்கவில்லை. நடுவரிசை, அப்போதும் நிற்கவில்லை. கீழ்வரிசையில் கடைசி ஸ்குரூ வந்ததும் போர்டு லேசாக எழும்பியது, பீப் விட்டு விட்டு அடித்தது, கையால் கீழ் ஓரத்தைத் தூக்கியதும் சுத்தமாக நின்றுவிட்டது. "மாமா, ஏறுது ஏறுது" என்றான். ஆயிரம் ஓமைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கீழே விட்டால் பீப், தூக்கினால் நிசப்தம். போர்டு போகவில்லை.

வெளியே எடுத்துவிட்டு கேபினெட் தட்டைப் பார்த்தால் விஷயம் கண்ணுக்கு நேரே இருந்தது. முழு ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. ஸ்குரூ துளைகளில் மேல் இரண்டு வரிசை, அதாவது ஆறு துளைகள், இரண்டுக்கும் பொது. கீழ்வரிசைதான் வேறு வேறு இடம், ஏனென்றால் மைக்ரோ போர்டு அங்கேயே முடிந்துவிடுகிறது, முழு போர்டு இன்னும் கீழே இறங்குகிறது. அந்த ஆபீஸ் கேபினெட்டில் முன்னால் இருந்தது மைக்ரோ போர்டு, அதற்கான பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்கள் (போர்டைத் தட்டில் படாமல் தூக்கிப் பிடிக்கும் குட்டிக் கால்கள்) தட்டில் அப்படியே இருந்தன. முழு போர்டுக்கு வேண்டிய கீழ்வரிசையைப் புதிதாகப் போட்டாகிவிட்டது, பழைய கீழ்வரிசையும் தட்டில் நிற்கிறது. போர்டை மேலே வைத்தால் அந்தப் பழைய வரிசைக்கு நேராக போர்டில் துளை கிடையாது, சால்டர் முனைகள்தான் இருக்கின்றன. ஒரு ஸ்டாண்ட்ஆஃபின் தலையில் ஊசி முனை அளவுக்குப் பள்ளமும் கருப்புத் தழும்பும் இருந்தது. போர்டைத் திருப்பிப் பார்த்தால் பிசிஐஇ ஸ்லாட் (கார்டுகளைச் செருகும் இடம்) ஒன்றின் சால்டர் முனையில் அதற்கு ஜோடியான தழும்பு. பிசிஐஇ ஸ்லாட்டில் பின்பக்கத் தகடு இருக்கும் முனையிலிருந்து முதல் சில பின்கள் 12 வோல்ட்தான். கேபினெட் பாடி கிரவுண்டு. எல்லாம் பொருந்தி வந்துவிட்டது.

துளைகளைச் சுற்றி வெள்ளி வளையம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது கிரவுண்டோடு இணைந்தது, அங்கே பித்தளை தொடுவது நல்லதுதான், அதற்காகவே வைத்தது. மற்ற இடங்களில் தொட்டால்தான் வம்பு. இதை மேனுவலில் ஒரு சின்னப் படத்தோடு முடித்துவிடுவார்கள், செகண்ட் ஹேண்ட் கேபினெட்டுக்கு மேனுவலும் இருக்காது. பழைய கேபினெட்டில் போர்டு மாட்டப் போகிறீர்கள் என்றால், முதலில் போர்டை ஒரு பேப்பரில் வைத்துத் துளைகளைப் பென்சிலால் குறித்து, அந்தப் பேப்பரைத் தட்டில் விரித்துப் பாருங்கள். குறிக்கு வெளியே நிற்கிற ஸ்டாண்ட்ஆஃப் எல்லாவற்றையும் நோஸ் பிளையரால் கழற்றிவிடலாம். அந்தப் பழைய கீழ்வரிசை மூன்றையும் அப்படித்தான் கழற்றினோம்.

அப்படியே உள்ளே மாட்டிவிடலாம் என்று மாப்பிள்ளை அவசரப்பட்டான். எனக்கு மனம் வரவில்லை. இத்தனை நாள் ஷார்ட்டில் கிடந்த போர்டு, முதலில் வெளியே ஓடட்டும். போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்தோம். போர்டு சுற்றி வந்த பளபளப்பான சில்வர் கவர் மேல் வைத்து ஓட்டுவதை நிறைய பேர் செய்கிறார்கள், அது வேண்டாம், ஸ்டாட்டிக்கைக் கடத்துவதற்காகவே அந்தக் கவரில் உலோகப் பூச்சு இருக்கிறது. வெறும் அட்டை போதும். பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், இரண்டு பவர் கேபிள். கார்டு இல்லை, என்விஎம்இ இல்லை, வேறு ஒன்றுமே இல்லை. ரேம் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில், ஏனென்றால் நாலு ஸ்லாட் போர்டுகளில் பொதுவாக ஒற்றை ரேமுக்கு அதுதான் இடம்.

ஸ்குரூடிரைவரால் தொட்டதும் ஃபேன் ஓடியது, நிற்கவில்லை. மாப்பிள்ளை கத்தியதில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

ஆனால் வேலை முடியவில்லை. இந்தப் போர்டின் ஓரத்தில் நாலு சின்ன விளக்குகள் உண்டு: சிபியு, டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட். ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போகும், எதில் நின்றுவிட்டதோ அந்த விளக்கு எரிந்தபடி இருக்கும். 5600 பிராசஸரில் கிராபிக்ஸ் கிடையாது, பெயரில் ஜி சேர்ந்த 5600ஜி போன்றவற்றில்தான் உண்டு. ஆகவே கார்டு மாட்டாதபோது எல்லாம் நல்லபடியாக இருந்தால் விஜிஏ விளக்கில் வந்து நிற்க வேண்டும், அதுவே எனக்குப் போதுமான நல்ல செய்தி. வந்து நின்றதோ சிபியு விளக்கில். ரேமை மாற்றினேன், ஸ்லாட்டை மாற்றினேன், சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி சிமாஸை (பயாஸ் நினைவில் வைத்திருக்கும் அமைப்புகளை) காலி செய்து மாட்டினேன், விளக்கு அசையவே இல்லை.

இப்படி இரண்டு கோளாறு ஒரே மெஷினில் சேர்ந்து வரும்போதுதான் ஆள் குழம்பிப் போகிறான். முதல் கோளாறு இருக்கும்வரை இரண்டாவது வெளியே தெரியவே வாய்ப்பில்லை, முதலாவதைச் சரி செய்ததும் "இன்னும் ஓடலையே, அப்போ நாம் கண்டுபிடித்தது தப்பு" என்று தோன்றிவிடும். தப்பு இல்லை. துடித்து அணைவது நின்றுவிட்டது, இப்போது இருப்பது வேறு நோய்.

கூலரைக் கழற்றிப் பிராசஸரைப் பார்த்தேன். ஏஎம்4 சாக்கெட்டில் பின்கள் பிராசஸரின் அடியில்தான் இருக்கும், 1331 பின்கள், ஒன்று வளைந்திருந்தாலும் சிபியு விளக்கு எரியலாம். கூலரை நேராக மேலே இழுக்கக் கூடாது. பேஸ்ட் ஒட்டிக்கொண்டு, சாக்கெட்டின் நெம்பு பூட்டியிருக்கும்போதே பிராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், அப்போதுதான் பின்கள் வளைகின்றன. கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, இடமும் வலமுமாகத் திருகி எடுத்தால் சமர்த்தாக வரும். வெளிச்சத்தில் சாய்த்து வரிசை வரிசையாகப் பார்த்தேன், எல்லாம் நேராகத்தான் இருந்தன.

பதில் போர்டு வந்த பெட்டியில் ஒட்டியிருந்தது. நாம் மேசையாகப் போட்டுக்கொண்டிருந்த அதே பெட்டி. "ஏஎம்டி ரைசன் டெஸ்க்டாப் 3000 ரெடி" என்று ஒரு ஸ்டிக்கர். அதாவது ஃபேக்டரியில் போட்ட பயாஸ் 3000 வரிசைப் பிராசஸர்களை அடையாளம் தெரிந்துகொள்ளும், அதற்கு மேல் உத்தரவாதமில்லை. பி450 சிப்செட் 2018இல் வந்தது, ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில் வந்தது, இந்த 5600 இன்னும் தாமதமாக 2022 ஏப்ரலில். 5000 வரிசை பி450இல் ஓடாது என்றே ஏஎம்டி 2020 மே மாதம் முதலில் சொன்னது, வாங்கியவர்கள் எல்லாம் சண்டைக்கு நின்றதும் அதே மாதத்திலேயே மனம் மாறி, பயாஸ் அப்டேட் மூலம் ஓடும் என்றது. அதனால் இன்று பி450 போர்டில் 5600 போடுவதில் தப்பே இல்லை, அப்டேட் செய்த பயாஸ் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பழைய ஸ்டாக்கில் வந்த போர்டில் அது இருக்காது. போர்டு கம்பெனியின் தளத்தில் மாடலைத் தேடி, பிராசஸர் பட்டியலைத் திறந்தால் எந்தப் பிராசஸருக்கு எந்த பயாஸ் வெர்ஷன் முதல் என்று போட்டிருக்கும். போர்டில் பயாஸ் சிப் மேலேயே வெர்ஷனைச் சின்ன ஸ்டிக்கரில் ஒட்டியிருந்தார்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம், பல வெர்ஷன் பின்தங்கியிருந்தது.

பிராசஸரைத் தெரியாத பயாஸை, அந்தப் பிராசஸரை வைத்துக்கொண்டே எப்படி அப்டேட் செய்வது? வழக்கமான வழி, ரைசன் 2000 அல்லது 3000 வரிசைப் பிராசஸர் ஒன்றை யாரிடமாவது கடன் வாங்குவது. சென்னையில் இருந்திருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏதாவது ஒரு கடையில் கொடுத்துச் செய்து வாங்கிவிடலாம். இங்கே அதிர்ஷ்டம் வேறு வழியில் வந்தது, போர்டின் பின்பக்கம் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தது. இந்த வசதி இருக்கிற போர்டில் பிராசஸர், ரேம் எதுவுமே வேண்டாம், பவர் கேபிள் இரண்டும் பென் டிரைவும் போதும், போர்டில் இருக்கும் தனிச் சிப் ஒன்று பயாஸை எழுதிவிடும். செகண்ட் ஹேண்டிலோ பழைய ஸ்டாக்கிலோ ஏஎம்4 போர்டு வாங்குகிறவர்கள் ஆர்ஜிபி விளக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு இந்தப் பட்டன் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

பென் டிரைவ் விஷயத்தில் கொஞ்சம் அடம்பிடிக்கும். ஃபேட்32 ஃபார்மேட் வேண்டும். மாப்பிள்ளையிடம் இருந்த 64 ஜிபி டிரைவை விண்டோஸ் எக்ஸ்ஃபேட்டில்தான் ஃபார்மேட் செய்யக் கொடுத்தது, அது இதற்கு உதவாது. பழைய 8 ஜிபி ஒன்று என் பையில் கிடந்தது, அதில் ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருந்த ஃபைலுக்குக் கம்பெனி சொன்ன பெயரை அப்படியே வைத்து, வேறு எந்த ஃபைலும் இல்லாமல், ஃபோல்டருக்குள் போடாமல், வெறுமனே போட்டேன். விண்டோஸில் ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டும்படி வைத்துக்கொண்டு பெயர் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரே எக்ஸ்டென்ஷன் இரண்டு முறை ஒட்டிக்கொண்டு, போர்டு ஃபைலே இல்லை என்று சாதிக்கும். அப்புறம் எந்த யுஎஸ்பி ஓட்டையிலும் செருகக் கூடாது, அதற்கென்று குறித்த ஒன்றில்தான்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அவன் கேட்டது நியாயமான கேள்வி. எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் பயாஸ் பாதியில் நிற்கும். ஃப்ளாஷ்பேக் போர்டில் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து எழுதிவிடலாம், என்றாலும் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை, யுபிஎஸ்ஸில் போட்டுத்தான் பட்டனை அழுத்தினேன். சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது, சில நிமிடங்கள் கழித்து நின்றது. அந்த நேரத்தில் யாரும் எதையும் தொடக்கூடாது என்று அக்காவையும் சேர்த்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டேன்.

பிராசஸரை மாட்டி, புது பேஸ்ட் வைத்து, கூலரைப் பூட்டி, ஒரு ரேமோடு ஆன் செய்தோம். சிபியு விளக்கு எரிந்தது, அணைந்தது. டிராம் விளக்குக்குப் போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது, தானாக ஒருமுறை அணைந்து ஆன் ஆனது, புது பயாஸில் முதல்முறை அப்படித்தான், பொறுமை வேண்டும். கடைசியில் விஜிஏ விளக்கு வந்து நின்றது. நான் காத்திருந்த விளக்கு.

கார்டை மாட்டினோம். அட்டைப்பெட்டி மேல் கார்டு நேராக நிற்காது, அதன் தகடு பெட்டியின் ஓரத்தைத் தாண்டிக் கீழே தொங்கும்படி போர்டை ஓரத்துக்கு நகர்த்தி வைக்க வேண்டும். எச்டிஎம்ஐ வயர் போர்டில் இருக்கும் ஓட்டையில் இருந்தது, அதைக் கார்டுக்கு மாற்றினோம். ஆன் செய்ததும் திரையில் வெள்ளை எழுத்து: புது பிராசஸர் போட்டிருக்கிறீர்கள், எஃப்டிபிஎம் (பூட்டுச் சாவிகளை வைத்திருக்கும் பாதுகாப்புப் பகுதி) தகவல் மாறிவிட்டது, அழிக்க ஒய், வைத்துக்கொள்ள என். பையன் முகம் வெளுத்துவிட்டது, இன்னொரு கோளாறு என்று நினைத்துவிட்டான். இது கோளாறு இல்லை. பழைய டிஸ்கில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு போட்டிருந்தால் ரெக்கவரி கீ கையில் இல்லாமல் ஒய் அழுத்தக் கூடாது, பூட்டு திறக்காமல் போய்விடும். இங்கே டிஸ்க் புத்தம் புதுசு, உள்ளே ஒன்றும் இல்லை, தாராளமாக ஒய்.

பயாஸ் திரை வந்தது. பிராசஸர் பெயர் சரியாக இருக்கிறது, ரேம் 2133இல் ஓடுகிறது. 3200 என்று வாங்கிய ரேம் தானாக 3200இல் ஓடாது, பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய்ய வேண்டும். அதை அப்போது தொடவில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், முதலில் கேபினெட்டுக்குள் போய் ஓடட்டும்.

உள்ளே மாட்டும்போது மீட்டரை மறுபடி 24 பின் சாக்கெட்டில் வைத்துக்கொண்டோம். ஸ்குரூக்களை முதலில் பாதி வரைக்கும் எல்லாவற்றையும் போட்டு, பிறகு மூலைக்கு மூலை இறுக்கினோம், ஒவ்வொன்றுக்கும் மீட்டரில் பார்வை. ஆயிரக்கணக்கில் ஓம், அசையவில்லை. அதற்கப்புறம்தான் பவர். ஓடியது. இரண்டாவது ரேம் நாலாவது ஸ்லாட்டில், ஓடியது. என்விஎம்இ, ஓடியது. எக்ஸ்எம்பி ஆன் செய்து 3200, ஓடியது. இரவு முழுக்க மெம்டெஸ்ட் (ரேம் சோதனை) போட்டுவிட்டுப் படுத்தோம், காலையில் பிழை எதுவும் இல்லை. விண்டோஸ் ஏற்றுவதில் சொல்ல ஒன்றும் இல்லை.

பிராசஸர் பெட்டியோடு வந்த கூலரோடு முழு லோடு கொடுத்துப் பார்த்தபோது பிராசஸர் 78 டிகிரி வரை போனது. இதன் வரம்பு 90, நம் ஊர் வெயிலுக்கு இது மோசமில்லை, மே மாதம் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். ஷார்ட்டில் தழும்பு பட்ட ஸ்லாட்டில் ஒரு வைஃபை கார்டைப் போட்டும் பார்த்தேன், வேலை செய்கிறது. மெஷின் இப்போதைக்குப் படுக்கையறையில் எர்த் இருக்கிற சாக்கெட்டில் ஓடுகிறது, டெஸ்டரை கேபினெட்டில் வைத்தால் எரிவதில்லை. ஹாலில் எர்த் இழுக்க எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.